எண்பது சதவீதம்

சார்ஜிங் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததும் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரும் திங்கட்கிழமை முதல் கார் சார்ஜ் ஏற்ற, நிமிடத்துக்கு இப்போது இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக் கட்டணம்.

"பகல் கொள்ளைங்க இது!" என்றான். குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது.

பக்கத்துக் காரில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த, வீடுகளுக்கு மின்சார வேலை செய்யும் ஒயரிங்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொண்டை அவிழாமலிருக்க அதில் ஒரு டெஸ்டரைச் செருகியிருந்தாள்.

"காசுக்குப் போய் யாராவது கண்கலங்குவாங்களா?"

"பின்ன என்னங்க? வீட்டுல சொந்தமா சார்ஜர் வச்சிருக்கறவங்களுக்கு இதுல மூணுல ஒரு பங்குதான் செலவு. நம்மள மாதிரி இல்லாதவங்க எங்க போறது?"

"அதானே. நம்மள மாதிரி இல்லாதவங்க எங்க போறது?" என்றாள் அவள், ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு.

மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு, பல்பொருள் அங்காடியின் பின்பக்கம் இருக்கும் இந்தக் கம்பத்தின் இரண்டு பக்கமும் இவர்கள் இருவரின் கார்கள்தான். எண்பது சதவீதம் தாண்டிவிட்டால் பேட்டரியில் மின்சாரம் ஆமை மாதிரி ஏறும். நிமிடக் கணக்கோ குதிரை மாதிரி ஓடும். புத்தியுள்ளவர்கள் எண்பதில் கிளம்பிவிடுவார்கள். அவள் தன் காரில் எண்பது இருக்கும்போதுதான் இங்கே வந்தே சேருவாள்.

"எப்ப சார் எடுப்பீங்க?" என்று பின்னால் காத்திருந்த டாக்சிக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இதோ ஆச்சுண்ணே!"

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

ஒயரிங்காரி ஆரஞ்சுத் தோலைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க, இன்னியோட நான் கும்பிடு போட்டுடறேன். இந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த வாரத்துல இருந்து நான் வரல."

அவன் எட்டிப் பார்த்தான். அவள் கார்த் திரையில் தொண்ணூற்று நான்கு என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்று ஐந்து ஆனது. அவனுடைய வாழ்க்கையில் மிச்சமிருப்பது இனி ஐந்தே ஐந்து சதவீதம்.

"வந்து... உங்களுக்குக் கண்ணு ஏதாவது செக் பண்ணணுமா?"

"போன வாரம் பண்ணீங்களே. அதுக்கு முந்தின வாரமும்."

"ஓ... நல்லாத் தெரியுதுல்ல?"

"எல்லாமே நல்லாத் தெரியுது. வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது. கைபேசியைக் காரோடு இணைத்து வைத்திருந்ததும் கார்க் கதவு திறந்திருந்ததும் பதற்றத்தில் அவனுக்கு நினைவில்லை. பொத்தானை அழுத்தினான். அக்காவின் குரல் வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"டேய், எங்கடா தொலைஞ்ச? உன் பிறந்தநாளுக்குன்னு ஆசையா வாங்கி மாட்டின சார்ஜர் ஒரு மாசமா சுவத்துல சும்மா தொங்குது. நான் அது மேல ஈரத் துண்டு காயப்போட்டுட்டு இருக்கேன். நீ மூணு மடங்கு காசு குடுத்து அங்க யாரைடா பார்க்கப் போற?"

அவன் காருக்குள் பாய்ந்தான். அவசரத்தில் எதையோ அமுக்க, வெயிலில் வைப்பர் இரண்டும் இடமும் வலமும் ஆடத் தொடங்கின. ஒருவழியாக அக்காவின் குரல் நின்றது. வைப்பர் நிற்கவில்லை. டாக்சிக்காரர் தன் கார்க் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுக் கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரன் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தான்.

"பொய்தாங்க சொன்னேன். வீட்டுல சார்ஜர் இருக்கு. ஆனா அதுல போட்டா இங்க வர முடியாதே? பேட்டரியைக் காலி பண்ணணும்னு சனிக்கிழமை காலையில ரிங் ரோட்டை ஏசி போட்டுக்கிட்டு நாலு சுத்து சுத்துவேன். போன வாரம் அஞ்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இந்த மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல," என்றார் டாக்சிக்காரர் பரவசமாக.

ஒயரிங்காரி சிரிக்கவில்லை. கொண்டையிலிருந்த டெஸ்டரை உருவி அவனை நோக்கி நீட்டினாள்.

"சார்ஜர் மேல ஈரத் துணி போடக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எப்போ?"

"நான் வந்து அதை மாட்டினப்போதான். ஹால்ல உங்க போட்டோவைப் பார்த்தேன். அதுல தலை நிறைய முடி இருந்துச்சு."

அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அப்ப ஒரு மாசமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா பேசாம இருந்தீங்க?"

"நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பார்த்தேன்."

"அது சரி, ஊருக்கெல்லாம் மாட்டிவிடற நீங்க உங்க வீட்டுல ஒண்ணு மாட்டிக்காம, இங்க வந்து எதுக்குங்க காசைக் கொட்டுறீங்க?"

அவள் கார்த் திரையில் நூறு விழுந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல ரெண்டு இருக்கு."