பித்தளைக் குழாய்

எதிரியின் குண்டு விழுந்த பீரங்கி மேடையில் பற்றிய தீ கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே வெடிமருந்து அறை. அதைத் தண்ணீரால் நிரப்பாவிட்டால் போர்க்கப்பலோடு எண்ணூறு பேரும் சிதறிப்போவார்கள். கேப்டன் பென்ரோஸ் அணிவகுப்பும் விருந்துமாக முப்பது ஆண்டுகளைப் பிரிட்டிஷ் கடற்படையில் ஓட்டியவர். போரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். கப்பலின் கட்டளை அறையில் மேசையோடு ஒட்டி நின்றார்.

வெடிமருந்து அறையிலிருந்து வரும் பித்தளைப் பேசுகுழாயில் ஆல்ட்ரிட்ஜின் குரல் கேட்டது. பதினோரு வருடமாக அவரோடு கப்பல் கப்பலாக வந்த மாலுமி.

"ஐயா, உள்ளே ஆறு பேர் இருக்கோம். கதவு வளைஞ்சு சிக்கிக்கிச்சு. அஞ்சு நிமிஷத்துல உடைச்சிட்டு வந்துடுறோம்."

ஐந்து நிமிடம் இல்லை. கேப்டன் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற அதிகாரியிடம், "தண்ணியைத் திறக்கச் சொல்லு" என்றார்.

கையை எடுத்தபோது கீழே தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்டது.

"ஐயா! யாரோ தெரியாம தண்ணியைத் திறந்துட்டாங்க. மூடச் சொல்லுங்க, சீக்கிரம்!"

கேப்டன் குனிந்தார்.

"சொல்லிட்டேன், ஆல்ட்ரிட்ஜ்."

"பயப்படாதீங்கடா, கேப்டன் சொல்லிட்டாராம்" என்று அவன் மற்றவர்களிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.