தட்டிப் பார்ப்பவர்

"அதை எடுக்காதீங்கம்மா. அது கள்ளுக்கு ஆகாது."

அரிசிக் கள்ளு போட ஜாடி கேட்டு வந்திருந்த பெண், பொக்சில், திரும்பிப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய ஒருவர், சாம்பல் நிறத் தொப்பியோடு நின்றிருந்தார். அவள் கை வைத்திருந்ததுதான் யேசான் சந்தையின் அந்த ஜாடிக் கடையிலேயே பளபளப்பானது. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"ஏன், இதுக்கு என்ன குறை?"

"இந்த மினுமினுப்புதான் குறை. சீக்கிரம் வேகட்டும்னு மெருகுல காரீயம் கலந்திருப்பாங்க. அரிசிக் கள்ளு புளிப்பு. புளிப்பு பட்டா காரீயம் கரைஞ்சு இறங்கும். குடிச்சவன் உடனே விழமாட்டான். மெதுவா விழுவான்."

கடைக்காரர் மெங், நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"வந்துட்டாருய்யா! அக்கா, இவர் பேச்சைக் கேக்காதீங்க. ஒரு சந்தை தவறாம வந்து என் ஜாடியை எல்லாம் தட்டிப் பாக்கறார். இதுவரைக்கும் ஒரு மூடிகூட வாங்கினதில்ல."

"அதுல காரீயம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க முதலாளி. நான் போயிடறேன்."

மெங் மறுபடி நூடுல்ஸில் மும்முரமானார்.

பொக்சில் ஜாடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஐயா, அப்ப நல்லதா ஒண்ணு நீங்களே காட்டுங்க. இன்னும் பதினாறு நாள்ல என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி. வீட்டுல கள்ளு போட்டா குத்தம்னு இருந்த சட்டம் போன வருஷம் மாறிச்சு இல்லையா? சாகறப்போ அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'இனி ஒளிக்க வேண்டாம். நம்ம வீட்டுக் கள்ளுல ஒரு கிண்ணம் எனக்குப் படை'ன்னார். அப்ப ஒளிச்சுப் போட்ட ஜாடி இப்ப இல்ல. ரெண்டு தடவை போட்டேன். ரெண்டும் பாழ்."

"எதுல போட்டீங்க?"

"முதல்ல சிவப்பு ரப்பர் தொட்டியில."

"முட்டைக்கோஸ் கழுவுற தொட்டியிலயா?"

"எங்க தெருவுல எல்லாரும் எல்லாத்தையும் அதுலதானே செய்யறோம்! மூடியைத் திறந்தா சைக்கிள் டயர் வாசனை. அடுத்தது, கிம்ச்சி ஊறுகாய் வெச்சிருந்த பிளாஸ்டிக் டப்பா."

"உள்ள கீறல் விழுந்திருக்கும். கீறலுக்குள்ள பழைய புளிப்பு உக்காந்திருந்து கள்ளைக் காடியாக்கி இருக்கும்."

"காடியேதான்! என் நாத்தனார் அதை வெள்ளரிக்காயில ஊத்திச் சாப்பிட்டு, பிரமாதம்னு சொல்லிட்டுப் போனா. இன்னும் ஒரு தடவைக்குத்தான் அரிசி இருக்கு. அவர் கடைசியா நட்ட வயலோட அரிசி. இதுவும் கெட்டா, அப்புறம் அவர் கை பட்டது எதுவும் கிடையாது."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜாடிகளுக்குள் நுழைந்தார்.

நடுவிரல் முட்டியால் ஒரே தட்டு. உடனே குனிந்து ஜாடியின் வயிற்றில் காது.

"இது சரியா வேகலை... இதுல அடியில குமிழி இருக்கு... இதுக்கு வாய் சின்னது, கை போகாது, கழுவ முடியாது..."

ஒன்றுக்கு இரண்டு விநாடிக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. பக்கத்துக் கடைக் கருவாட்டுக்காரி விசிறியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். மெங்கின் நூடுல்ஸ் ஆறியது.

"எல்லாத்தையும் நொட்டை சொல்றீங்களே, இதைத் தட்டுங்க பாப்போம்." மெங் இடுப்புயர ஜாடி ஒன்றை உருட்டி வந்தார். "என் கடையோட ராஜா இது. குறை இருந்தா நான் கடையை மூடிடறேன்."

பெரியவர் ஒருமுறை தட்டினார். இடம் மாற்றி இன்னொருமுறை தட்டினார்.

"இடது தோள்ல விரிசல்."

"எங்கே? கண்ணுக்கே தெரியலையே!"

"வைக்கோலைக் கொளுத்திக் கவிழ்த்து வைங்க. தெரியும்."

ஜாடி சுற்றி வந்த வைக்கோலையே மெங் கொளுத்தினார். இரண்டு செங்கல் மேல் ஜாடியைக் கவிழ்த்தார். அடியில் புகை மண்டியது. ஜாடியின் மேல் ஒன்றும் நடக்கவில்லை. மெங் சிரிக்க வாயெடுத்தார்.

அப்போது இடது தோளிலிருந்து தலைமுடி அளவு புகை ஒன்று எழுந்து, காற்றில் நெளியாமல் நேராக மேலே போனது.

"யம்மாடி!" என்றாள் கருவாட்டுக்காரி. மெங் சத்தமில்லாமல் தன் தொப்பியைக் கழற்றினார்.

பெரியவர் அதற்குள் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். அங்கே மங்கலாக, கொஞ்சம் கோணலாக, தூசி படிந்து ஒரு ஜாடி. தட்டினார். ஓசை நின்று நிதானமாக அடங்கியது. அடங்கிய பிறகும் அவர் காதை எடுக்கவில்லை.

"இதுதான்மா."

"கோணல்னு ஏழு மாசமா ஒருத்தரும் தொடலையே அதை!" என்றார் மெங்.

"கோணலா இருந்தா என்ன? இது மூச்சு விடுது, ஆனா ஒழுகாது. கிருமி போக வைக்கோல் புகை காட்டிட்டு அரிசியைப் போடுங்க. மூடியை இறுக்காதீங்க, துணியைக் கட்டுங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கிண்ணம் நிறையும்."

புகை வைத்துப் பார்த்தார்கள். ஒரு இழைகூட வெளியே வரவில்லை.

பொக்சில் இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். "ஐயா, வெறும் ஜாடியிலயே இவ்வளவு கேக்குதுன்னா, உங்க வீட்டுக் கள்ளு எப்படி இருக்கும்! எத்தனை வருஷமா போடறீங்க?"

"சொல்லுங்க வாத்தியாரே," என்றார் மெங், பயபக்தியோடு.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லம்மா. இருபத்தாறு வருஷம் மதுவரி அதிகாரியா வீடு வீடாப் போய்ச் சோதனை போட்டேன். மட்டமான ஜாடியை விட்டுடுவோம், கள்ளை அதுவே கெடுத்துடும். நல்ல ஜாடியாத் தட்டிக் கண்டுபிடிச்சு, அதை மட்டும்தான் உடைப்போம்."