ஃபேன் ஏன் சுற்றவில்லை

பூவராகன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள், ஃபேனை ஒட்டி ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. "அண்ணே, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஃபேனைச் சுத்தாதீங்க. காத்துல முட்டை உருண்டு விழுந்துரும்" என்று கெஞ்சியது.

கம்ப்யூட்டருக்கு மனசு கேட்கவில்லை. ஃபேனை நிறுத்திக்கொண்டது. சூடு தாங்காமல் அடிக்கடி ஹேங் ஆகி நின்றது. பூவராகன் அதன் மண்டையில் தட்டினார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார், சனியனே என்று திட்டினார். அப்போதும் அது ஃபேனைச் சுற்றவே இல்லை.

கடைசியில் மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, பிளோயரால் ஊதினான். தூசியோடு முட்டைகளும் தரையில் விழுந்து உடைந்தன. ஃபேன் விர்ரென்று சுற்றியது.

"இனிமே நிக்கவே நிக்காது சார்."

சுவரில் இருந்த பல்லி கதறியது.

பூவராகன் மகிழ்ந்துபோய் விரலால் மேசையைத் தட்டினார்.

"பாத்தீங்களா தம்பி, பல்லியே சொல்லிருச்சு!"