பழைய ஃபேனே போதும்

"இதுல கேம் ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார்.

லேப்டாப் ரிப்பேர் செய்கிறவருக்கு அந்த வட்டாரத்தில் 'ஜோசியர்' என்று பெயர். மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த கேம் ஓடும், எது படுத்துவிடும் என்று சொல்லிவிடுவார். சொன்னது பிசகாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வாரம்தான் இந்த அம்மாள் மகனுடைய லேப்டாப்பைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கேம் ஆடினால் திக்கித் திக்கி நிற்கிறதாம். இது கேமுக்கு லாயக்குத்தானா, வேறு வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டு வரச் சொன்னானாம் மகன்.

ஜோசியர் பார்த்தார். பிராசஸர் நல்லது. கிராபிக்ஸ் கார்டும் சோடை இல்லை. ஃபேன் மட்டும் தூசி அடைத்து, இறக்கை ஒன்று உடைந்து, மாவு மெஷின் மாதிரி இரைந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல்தான் கேம் மூச்சு வாங்குகிறது. புது ஃபேன் மாட்டி, சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்திருந்ததைச் சுரண்டிப் புதுப்பசை தடவி, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டின மாதிரி வைத்திருந்தார்.

"ஜம்முனு ஓடும்மா. இப்பப் பாருங்க."

ஒரு கார் பந்தயத்தைப் போட்டுவிட்டார். கார்கள் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு பறந்தன. அந்த அம்மாள் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, லேப்டாப்பின் விலாவில் காதை வைத்தார்.

"சத்தத்தையே காணோமே?"

"அதைத்தான் சரி பண்ணிட்டேனேம்மா."

"அதை ஏன் சரி பண்ணீங்க?"

இந்தத் தொழிலில் ஜோசியர் கேட்காத கேள்வி கிடையாது. இதைக் கேட்டதில்லை.

கல்லாவில் இருந்த மச்சினன் பக்கென்று சிரித்துவிட்டு, "இனிமே சத்தத்துக்குத் தனி பில் போட்டுடலாம் மாமா" என்றான்.

ஜோசியர் அவனை முறைத்தார். பொறுமையாக எடுத்துச் சொன்னார். சத்தம் என்பது நோய். அது போனால் சந்தோஷப்பட வேண்டும். இப்போது கார்டு சூடாகாது, படம் நிற்காது, மகன் நாள் பூராவும் ஆடலாம்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அந்த அம்மாள், கடைசியில் பழைய ஃபேன் எங்கே என்றார்.

அப்போதுதான் ஜோசியருக்குச் சுருக்கென்றது. அசல் சாமானைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவிட்டோம் என்று சந்தேகப்படுகிறார்! கழிவு டப்பாவைக் கவிழ்த்து, முடியும் தூசியும் சுற்றிக் கிடந்த அந்தப் பழைய ஃபேனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க மேடம். உங்க சொத்து." கோபம் வந்தால் அவர் வாயில் அம்மா போய் மேடம் வந்துவிடும்.

"இதேதான். இதையே மாட்டிடுங்க தம்பி. புதுசுக்கு உண்டானதையும் குடுத்துடறேன்."

ஜோசியர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதை மாட்டினால் கார்டு வெந்துபோகும், அப்புறம் ஜோசியர் கெடுத்துவிட்டார் என்றுதான் ஊர் சொல்லும் என்றார். அந்த அம்மாள் அசையவில்லை.

"சரி, உங்களுக்குப் புரியாது. பையனை வரச் சொல்லுங்க. நான் அவன்கிட்டப் பேசிக்கறேன்."

"அவன் வர மாட்டான்."

"ஏன் வர மாட்டார்? துரை உள்ளே உக்காந்து கேம் ஆடுவார், பெத்தவ துண்டுல சுத்தித் தூக்கிட்டு அலையணுமா? நீங்க குடுக்கற செல்லம்தான் மேடம் எல்லாத்துக்கும் காரணம்."

மச்சினன் சிரிப்பை நிறுத்தினான். வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது என்று ஜோசியருக்கே பட்டது.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய ஃபேனில் ஒட்டியிருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டே பேசினார்.

"வேலை போனதுலேர்ந்து அவன் ரூமை விட்டு வர்றதில்ல தம்பி. ஒருநாள் கதவை உடைச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பொழைச்சு வந்துட்டான். தாழ்ப்பாளைக் கழட்டிட்டோம். ஆனா கதவைத் திறந்தா வேவு பாக்கறியான்னு கேக்கறான். சும்மா எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காதீங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. காதுல ஹெட்போன் வேற மாட்டிக்குவான், ஒரு சத்தமும் வெளியே வராது. இந்த ஃபேன் ஒண்ணுதான். ஆடினா ஏறும், நிறுத்தினா இறங்கும். கதவுல காதை வெச்சுக் கேட்டுட்டு, பிள்ளை இருக்கான்னு போய்ச் சமையலைப் பாப்பேன்."

திரையில் கார்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

ஜோசியர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். ஏதேதோ தட்டினார். கேம் போட்டதும் புது ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிற மாதிரி மாற்றினார். இரைச்சல் எழுந்தது. கார்டுக்கும் இதனால் கெடுதல் இல்லை. லேப்டாப்பை மச்சினன் கையில் கொடுத்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடு என்றார்.

சாத்திய கதவில் முதலில் அவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு விலகி நின்றார்.

"நீங்க வெச்சுப் பாருங்கம்மா. கேக்குதா, இன்னும் கொஞ்சம் கூட்டணுமா?"