வாசலுக்கு ஒரு பைன் வளையம்

"பைனைக் கொஞ்சம் நீளமா விடும்மா. ஆட்டு வால் மாதிரி நிக்குது," என்றார் தமேகிச்சி.

ஷியோரி சிரித்தாள். "வெட்டிப் போட்டது நீங்க. பழி எனக்கா மாமா?"

கூடம் முழுக்கத் தோட்டத்துக் கழிவு. காலையில் மாமனார் கத்தரித்த பைன் நுனிகள், கமேலியா இலைகள், சிவப்புப் பழக் கொத்துகள். வைக்கோல் கயிற்றை வளையமாக்கி ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். புத்தாண்டுக்கு வாசலில் மாட்ட.

"இந்தப் பழம் எந்த வருஷமும் வளையத்துக்கு மிஞ்சினதில்ல," என்றார் அவர். "சின்ன வயசுல கோஹேய் பிடுங்கிட்டுப் போய், பனியில செஞ்ச முயலுக்குக் கண்ணு வைப்பான். ஒரு தடவை மூணு கண்ணு வெச்சிருந்தான். கேட்டா, ஒண்ணு விழுந்துட்டா இருக்கட்டும்னான்."

"அந்தக் குணம் எங்க போகும்? ஊருக்குப் போனா ரெண்டு குடை எடுத்துப்பார்."

"எப்ப வர்றானாம்?"

"வேலைக்குப் போன இடத்துல, ஹொக்கைடோவுல, பனி கொட்டுதாம். ரயில் ஓடினா வந்துடுவார் மாமா."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. பழகிவிட்டது.

அவள் கணவன் கோஹேய் இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டான். அப்போது மாமனார் மாரடைப்போடு ஆஸ்பத்திரியில். அதிர்ச்சி ஆகாது என்றார் டாக்டர். அஸ்தியையும் படத்தையும் அம்மா வீட்டில் வைத்தாள். துக்கம் கேட்டவர்கள் பணம் வைத்துக் கொடுத்த, கறுப்பு வெள்ளைக் கயிறு சுற்றிய உறைகளை அலமாரி உச்சியில், போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்தாள்.

சாவு விழுந்த வீட்டில் புத்தாண்டுக்கு எதுவும் மாட்டக்கூடாது. மாட்டாவிட்டால், ஏன் என்று மாமனார் கேட்பார்.

"முன்பக்கம் மங்களத்துக்குச் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டியாச்சு. பின்பக்க முடிச்சை நான் போடுறேன். நீ போய் டீ போடு," என்றார். "இன்னிக்கே மாட்டிடணும். நாளைக்கு இருபத்தொன்பது, ஆகாத நாள்."

டீ குடித்ததும் வளையத்தைக் கொண்டுபோய் வாசல் ஆணியில் மாட்டினாள்.

எதிர்வீட்டு ஹிசாயோ துடைப்பத்தோடு வந்தாள். "என்னடி கூத்து இது? புருஷன் செத்த வருஷத்துல..."

"மெதுவா அக்கா. மாமா காதுல விழுந்தா அவர் உயிரும் போயிடும்."

"அதுக்காக? தெருவுல நாளைக்கு என்ன பேசுவாங்க தெரியுமா?"

"பேசட்டும். அவர் இருந்தாப் போதும் எனக்கு."

காற்று வீசியது. வளையம் ஆணியிலேயே திரும்பிக்கொண்டது. ஹிசாயோ அதைப் பார்த்தாள். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தன் வாசலுக்குத் திரும்பினாள்.

"நேரா இருக்காம்மா?" உள்ளேயிருந்து மாமனார் கேட்டார்.

சரிசெய்யக் கை நீட்டிய ஷியோரி அப்படியே நின்றாள்.

வளையத்தின் பின்பக்கம், அவர் இறுக்கிப் போட்டிருந்த முடிச்சில், கறுப்பு வெள்ளைக் கயிறு.