காத்து வந்துச்சா?

காலை வெயில் ஜோசஃபின் அம்மாவின் கட்டிலில் விழுகிறது. குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். வாயு பிரிந்த பிறகுதான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உதடுகள் வெடித்துக் கிடக்கின்றன. நர்சிங் மாணவி தாரணி கூச்சத்தோடு குனிகிறாள். "ஆன்ட்டி, காத்து வந்துச்சா?" "ஜன்னல் தொறந்துதானேம்மா இருக்கு, நல்லா வருது." "ஐயோ, அந்தக் காத்து இல்ல ஆன்ட்டி… உங்க காத்து." பக்கத்துக் கட்டிலில் நான் சிரிப்பை அடக்க, என் தையல் வலிக்கிறது. "அதுவா? விடியக்காலையிலயே போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு." தாரணி துள்ளி நிமிர்கிறாள். "மிஸ், போயிடுச்சு மிஸ்!" வார்டே திரும்பிப் பார்க்கிறது. "ஹௌதா, நிஜமாவா?" என்று கன்னடம் கலந்து கேட்டபடி வந்த டீச்சர், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுத் தலையசைக்கிறார். தாரணியின் ஸ்பூன் உதட்டைத் தொடுகிறது. ஜோசஃபின் அம்மா கண்ணை மூடி, அந்த ஒரு வாய்த் தண்ணீரை மெல்ல விழுங்குகிறார். "என் மானத்த வாங்கிட்டே. நல்லா இருப்பே கண்ணு, இன்னொரு ஸ்பூன் குடு."