நாலாவது மாமா

"உனக்கு மொத்தம் எத்தினி மாமாபா?"

டில்லிபாபு கேட்டதும் அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் டில்லிபாபு ஹெச்.ஆர். உதவியாளர். பொய் சொல்லி லீவு போடுகிறவர்களைப் பிடிப்பதில் புலி. அதற்கென்றே ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். யார், எந்தச் சொந்தக்காரரை, என்றைக்குச் சாகடித்தார்கள் என்று தேதிவாரியாக இருக்கும். ஒரே பெரியப்பாவை மூன்று தடவை அடக்கம் பண்ணியவன்கூட அதில் உண்டு.

"சித்திரையில ஒரு மாமா. ஆடியில ஒரு மாமா. தீபாவளிக்கு ஒண்ணு. இப்ப ஞாயித்துக்கிழமை நாலாவது. உங்க ஊரு மாமாங்களுக்கு இன்னாதாம்பா ஆவுது?"

டில்லிபாபு தன் மொபைலை அவன் முன்னால் நீட்டினார். காலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்த வீடியோ.

கோவளம் கடல். பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று காற்றோடு சறுக்குகிற விளையாட்டு. வசதியானவர்கள் ஆடுவது. கரைக்காற்று வேகமெடுத்து இரண்டு பேரை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டங்கள் பின்னிக்கொண்டு தண்ணீரில் கிடக்கின்றன. ஒரு ஃபைபர் படகு கிட்டே போகிறது. படகிலிருந்து ஒருவன் இடுப்பில் கயிற்றோடு குதித்து, ஹெல்மெட் போட்ட இரண்டு பேரையும் ஒவ்வொருவராக மேலே ஏற்றுகிறான்.

குதித்தவனின் டி-ஷர்ட் முதுகில் கம்பெனி பெயர். அதற்குக் கீழே, 'பாதுகாப்பு வார விழா'.

"இது யாரு?"

"நாந்தான் சார்."

"மாமா?"

"மாமா நல்லா இருக்காரு சார்."

டில்லிபாபுவுக்கு மனசு குளிர்ந்தது. இவ்வளவு சுத்தமாக யாரும் மாட்டியதில்லை.

"அங்க இன்னா வேலை உனக்கு?"

"எங்க ஊரு மணப்பாடு சார். பொறந்ததுல இருந்து கடல்லயே கெடந்தவன். தீபாவளிக்கு ஊருக்குப் போனது, அதுக்கப்புறம் கடலையே பாக்கல. கோவளத்துல சேக்காளி ஒருத்தன் படகு வச்சிருக்கான். அவங்கூட ஒரு நடை போயிட்டு வரலாம்னு போனேன். நெசத்தச் சொன்னா லீவு குடுப்பியளா?"

கொடுத்திருக்க மாட்டார். அவசர ஆர்டர் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஓ.டி. 'யாருக்கும் விடுப்பு கிடையாது' என்று பிளான்ட் மேனேஜர் பலராமனே கையெழுத்துப் போட்ட சர்க்குலர் போர்டில் தொங்கியது.

அன்றைக்கு பலராமனும் வரவில்லைதான். ஆனால் அது வேறு. மாமியாருக்கு நெஞ்சுவலி, ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறது என்று அவரே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். தவிர, நீல நோட்டில் மேனேஜர்களுக்குப் பக்கம் கிடையாது.

டிராயரில் அருள்பாண்டியின் நிரந்தர வேலைக்கான ஆர்டர் கிடந்தது. மூன்று வருஷம் டிரெய்னியாக இருந்தவனுக்கு அந்த வாரம் தர வேண்டியது. டில்லிபாபு அதை ஒதுக்கிவிட்டு, வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

"சார் இதுல கையெழுத்துப் போட்டார்னா, நாளையிலேர்ந்து நீ தினம் கடலைப் பாக்கலாம். வா."

மேனேஜர் அறையில் பலராமனின் முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்றிருப்பார், பாவம்.

"மாமியாருக்கு இப்ப எப்படி சார் இருக்கு?"

"பரவால்ல."

டில்லிபாபு விஷயத்தைச் சொல்லி வீடியோவைக் காட்டினார். பலராமன் பாதியிலேயே மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அருள்பாண்டியைப் பார்த்தார்.

"யாரைக் காப்பாத்தினேன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"பொய் சார்!" என்றார் டில்லிபாபு. "ஹெல்மெட்டைக் கழட்டித் தண்ணி குடுக்கிறான், வீடியோவுல அவங்க முதுகுதான் தெரியுது. இவன் மூஞ்சியைப் பாக்காமலா இருந்திருப்பான்? வாயைத் தொறந்தா பொய்!"

அருள்பாண்டிக்குச் சுருக்கென்றது.

"கடல்ல தூக்குன ஆளைக் கரையில சொல்லிக்காட்டக் கூடாது சார். எங்க ஊருப் பழக்கம்."

"சொன்னா உன் வேலை போகாதுன்னாலும்?" பலராமனின் குரல் இறங்கியிருந்தது.

"பழக்கம்னா பழக்கந்தான் சார்."

பலராமன் கொஞ்ச நேரம் ஏ.சி. ரிமோட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நீக்கும் கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"டில்லிபாபு, இவரோட பர்மனன்ட் ஆர்டரை எடுத்துட்டு வாங்க. கூடவே உங்க நீல நோட்டும்."

முதலாவது எதற்கென்று டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. இரண்டாவது பெருமையாக இருந்தது. மேலிடத்துக்கே நோட்டின் அருமை தெரிந்திருக்கிறது! இரண்டையும் ஓட்டமாக ஓடிக் கொண்டுவந்தார்.

பலராமன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு அருள்பாண்டியிடம் கொடுத்தார். நோட்டில் அவன் பக்கத்தைத் தேடவில்லை. கடைசியில் எழுதாத ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். பேனா பிடித்த விரல்களில் கயிறு அறுத்த காயம் வரிவரியாக இருந்ததை டில்லிபாபு அப்போதுதான் பார்த்தார்.

எழுதி முடித்து நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார் பலராமன்.

'பெயர்: பலராமன். நாள்: ஞாயிற்றுக்கிழமை. உறவு: மாமியார். நல்லா இருக்காங்க.'